ஊருணி முதல் மேல்நிலைத் தொட்டி வரை – புதுக்கோட்டைச் சீமையின் குடிநீர் வரலாறு

புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்று பெயர்கள் பல உண்டு. ஆயினும் மழைக்காலம் கழிந்து சில திங்களில் அவற்றின் படுகையில் மணலைத்தான் காணலாம். ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்வது ஏறத்தாழ 900 மி.மீ. மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மேற்கே நார்த்தாமலை, குன்றாண்டார்கோயில், குடுமியான்மலைப் பக்கங்களில் எங்கு தோண்டினும் பாறை. கிழக்கே ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கங்களில் செம்மண்ணும் செம்பாறாங்கல்லும். இந்த மண்ணில் குடியேறிய மக்கள் வான்மழையை மண்கரை கட்டித் தேக்கியே வாழ்ந்தனர். கண்மாய், ஏரி, குளம், ஏந்தல், தாங்கல் எனப் பெயர் பெற்ற நீர்நிலைகள் இன்றைய மாவட்ட எல்லைக்குள் ஐயாயிரத்துக்கும் மேல் உள்ளன.

இந்த எண்ணிக்கையைப் பெருமிதத்தோடு எடுத்துக் கூறுவோர் பலர். பாசனத்தின் வரலாற்றை அறிஞர்கள் விரிவாகவே எழுதியுள்ளனர். குடிநீரின் வரலாறு அவ்வளவு எழுதப்படவில்லை. வயலுக்குப் பாய்ந்த நீருக்கு வரி உண்டு. வரி இருந்ததால் கணக்கு உண்டு. கணக்கு இருந்ததால் கல்வெட்டும் உண்டு. குடத்தில் ஏறி இடுப்பில் அமர்ந்து வீடு சேர்ந்த நீருக்கு வரியும் இல்லை, கணக்கும் இல்லை. அதைச் சுமந்தவர் பெண்டிர் ஆதலின் அதனை எழுதிவைக்க வேண்டும் என்று எவரும் எண்ணவும் இல்லை.

இச்சீமையின் மிகப் பழைய குடிநீர் பாறைச் சுனைகளில் தேங்கியது. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன. அங்குத் தவம் செய்த சமணத் துறவியர்க்கு நீர் வேண்டுமல்லவா? அக்குன்றிலேயே நவச்சுனை இருக்கிறது. நார்த்தாமலையிலும் பாறைப் பள்ளங்களில் சுனைகள் பல. மனிதரும் மாடும் மிதியாத உயரத்தில், கல்லின்மேல் விழுந்து கல்லிலேயே தங்கிய மழைநீர் அது. நார்த்தாமலையில் இன்று விசயாலய சோழீச்சரம் என்று வழங்கும் கற்றளியைச் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் எடுப்பித்தான் என்றும், மழையால் அது சிதைய, மல்லன் விடுமன் என்பவன் மீளப் புதுக்கினான் என்றும் அங்குள்ள கல்வெட்டால் அறிகிறோம். நீருக்கு ஏங்கிய சீமையில் கற்றளியையே சிதைக்கும் மழையும் பெய்திருக்கிறது. வறட்சியும் வெள்ளமும் ஒரே வாசல் வழியே வருவது இங்குப் பழைய கதை.

மக்கள் சமவெளியில் பெருகியபோது சுனை போதவில்லை. கண்மாய்கள் எழுந்தன. முத்தரையர், கொடும்பாளூர் இருக்குவேளிர், சோழர், பாண்டியர் என ஆட்சிகள் மாறினும் கரை கட்டுவது நிற்கவில்லை. கண்மாய்க்குள் சற்றுத் தொலைவில் கல் தூண்களை நிறுத்தி அமைத்த குமிழித் தூம்பு இச்சீமையின் தனிச்சிறப்பு. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. நீரும் வெளியேறும், வண்டலும் வெளியேறும். பாசன நூலார் இதனைப் போதிய அளவு பாராட்டியுள்ளனர். இக்கட்டுரைக்கு வேண்டுவது கண்மாயன்று. அதன் அருகே சிறியதாய் ஒதுங்கிக் கிடக்கும் ஊருணி.

ஊரார் உண்ணும் நீர்நிலை ஊருணி. பேச்சு வழக்கில் அது ஊரணி ஆயிற்று. வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் அறிவுடையான் செல்வத்துக்கு இதனையே உவமையாக எடுத்தார் என்பதை வாசகர் அறிவர். கடலையோ ஆற்றையோ எடுக்காமல் ஊருணியை எடுத்ததில் ஒரு நுட்பம் உண்டு. கடலும் ஆறும் தாமே அமைந்தவை. ஊருணி மனிதர் தோண்டி, காத்து, பகிர்ந்துகொள்வது. காவல் இல்லாத ஊருணி ஒரே ஆண்டில் குட்டையாகிவிடும்.

அந்தக் காவலுக்கு நெறிகள் இருந்தன. குளிக்கும் குளம் வேறு, மாடு இறங்கும் குளம் வேறு, உண்ணும் ஊருணி வேறு. உண்ணும் ஊருணியில் துணி துவைக்கலாகாது, கால் கழுவலாகாது, செருப்போடு கரையேறலாகாது. வரத்துக்கால் வரும் வழியில் மலசலம் கழித்தல் குற்றம். கரையில் ஐயனாரோ பிள்ளையாரோ அமர்ந்திருப்பார். மழை வருமுன் ஊர்கூடி வண்டல் எடுப்பர். வீட்டுக்கு ஓர் ஆள் என்பது முறை. திருமயம் வட்டத்து நகரத்தார் ஊர்களான இராயவரம், கடியாபட்டி, பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை, கோனாபட்டு முதலியவற்றில் இந்த மரபு கலையாகவே வளர்ந்தது. கடல் கடந்து வணிகம் செய்து ஈட்டிய பொருளில் ஒரு பங்கு செம்பாறாங்கல் படிக்கட்டாகவும் சுற்றுச்சுவராகவும் ஊருணியில் இறங்கியது. வீட்டின் ஓட்டுக்கூரையிலிருந்து வடியும் மழைநீரை முற்றத்து அண்டாவில் பிடித்ததும், தெருநீர் வழிந்து ஊருணி சேருமாறு வாட்டம் அமைத்ததும் அவ்வூர்களின் நகரமைப்பு. மழைநீர்ச் சேகரிப்பு என்று பிற்காலத்தில் சட்டம் இயற்றிச் சொல்லவேண்டியிருந்ததைக் கொத்தனாரிடம் சொல்லியே முடித்துவிட்டனர் அவர்கள்.

ஊருணி நீர் கலங்கல் நீர்தான். குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, நீர் ஊற்றி வைத்தால், ஒரு நாழிகையில் மண் அடியில் படியும். மேலே பளிங்குபோல் நீர் நிற்கும். கொட்டையில் உள்ள பசைப்பொருள் மண்துகள்களைத் திரட்டிக் கனமாக்கி இறக்குவதே இதன் இயக்கம். பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டுவர். ஊற்றிவைத்த பானை மண்பானை ஆதலின் நீர் குளிரும். இதனைவிடச் சுவையான நீர் வேறில்லை என்று முதியோர் சொல்வது பொய்யன்று.

ஆனால் தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அன்று. இந்த ஓர் உண்மையை உலகம் கண்டுகொள்ளப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1854-இல் இலண்டன் பிராட் தெருவில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் ஒரு கைக்குழாயின் நீரே காரணம் எனக் காட்டினார். பார்வைக்கு அந்நீர் தெளிவாகவே இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1884-இல், இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் வாந்திபேதிக் கிருமியைக் கண்டெடுத்த நீர்நிலை ஐரோப்பாவில் இல்லை. கல்கத்தாவின் ஒரு குளம் அது. குளிப்பதும் துவைப்பதும் குடிப்பதும் ஒரே குளத்தில் நிகழ்ந்த இடம்.

நரம்புச் சிலந்தியின் கதை இன்னும் கூர்மையானது. படியிறங்கி நீர் மொள்ளும் கிணறுகளிலும் குளங்களிலும் வாழ்வது சைக்ளோப்ஸ் என்னும் மிகச் சிறிய நீர்ப்பூச்சி. அதனுள் புழுவின் குஞ்சு தங்கும். அந்நீரைக் குடித்தவர் உடலில் ஓராண்டு வளர்ந்து, ஒரு மீட்டர் வரை நீண்ட புழு, காலில் கொப்புளமாய் உடைத்து வெளிவரும். எரிச்சல் தாளாமல் அவர் காலை நீரில் நனைப்பார். நனைத்த கணத்தில் ஆயிரமாயிரம் குஞ்சுகள் மீண்டும் அந்நீரில் கலக்கும். 'உண்ணும் நீரில் கால் நனைக்காதே' என்ற ஊருணி நெறியும், 'துணியில் வடிகட்டு' என்ற அடுக்களை நெறியும் இந்தச் சுழற்சியை அறுக்கும் இரண்டு கத்திகள். அவற்றை வகுத்தவர் புழுவைக் கண்டவர் அல்லர். இருந்தும் நெறி சரியாக அமைந்தது. நெறி தளர்ந்த இடத்தில் நோய் நின்றது. தமிழகம் 1980-களின் முற்பகுதியிலேயே நரம்புச் சிலந்தியிலிருந்து விடுபட்டது. இந்தியாவில் இறுதி நோயாளி 1996-இல் இராசத்தானத்தில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அந்நோய் ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. படிக்கிணற்றை மூடி, நீரை வடிகட்டி வென்ற வெற்றி அது.

காக் கல்கத்தாவில் குளத்து நீரைச் சோதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் அ. சேசையா சாத்திரியார். திருவிதாங்கூரில் திவான் பணி பார்த்தபின் 1878-இல் இங்கு வந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் தழும்பு ஆறாத காலம். 1894 வரை அவர் ஆட்சி நடந்தது. இளவயது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்காக அரசாட்சியைக் கவனிக்கும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. தலைநகரின் தெருக்களைச் சீரமைத்ததோடு பல்லவன் குளத்தையும் ஏனைய நகரக் குளங்களையும் தூர் வாரிப் புதுப்பித்தார். நகர மக்களின் குடிநீருக்கெனப் புதுக்குளத்தைச் செப்பனிட்டார். மன்னர் எடுப்பித்த கோயிலும் அரண்மனையும் பேசப்படும் அளவுக்கு அமைச்சர் ஒருவர் தூர் வாரிய குளம் பேசப்படுவதில்லை. இந்நகரில் நீண்ட காலம் மக்கள் குடித்தது அக்குளத்து நீரை. அவரது சீர்திருத்தம் நகரோடு நின்றது என்பதையும் மறைக்காமல் கூறல் வேண்டும். சிற்றூர்கள் தத்தம் ஊருணியோடு விடப்பட்டன.

இனி, சொல்லாராய்ச்சி ஒன்று இன்றியமையாதது. ஊரார் உண்பது ஊருணி என்றால், 'ஊரார்' என்ற சொல்லுக்குள் அடங்கியவர் யாவர்?

முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடுகையில் ஊர்நத்தம் என்று ஒன்றையும் தீண்டாச்சேரி என்று மற்றொன்றையும் தனித்தனியே குறிக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்ட பிரிவு. ஊருணிக் காவல் என்பது மாட்டையும் செருப்பையும் மட்டும் தடுக்கவில்லை, மனிதரையும் தடுத்தது. தமிழ்நாட்டின் எண்ணற்ற ஊர்களில் சேரிப் பெண்கள் கரைக்குக் கீழே குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றனர். ஊர்ப்பெண் ஒருத்தி மனம் இரங்கி உயர இருந்து ஊற்றினால் உண்டு, இல்லையேல் இல்லை. ஊருணியை உவமையாகவும் உருவகமாகவும் பாடிய புலவர் பலர். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குமாறு அறிவுறுத்திய குடபுலவியனார் வாக்கு இன்றளவும் மேடைதோறும் முழங்குகிறது. கரைக்குக் கீழே குடம் வைத்துக் காத்திருந்தவளைப் பாடியவர் பழம்புலவருள் எவர் என்று தேடினால் விடை எளிதில் அகப்படாது. புத்திலக்கியம்தான் அப்பக்கம் திரும்பியது. இந்தியில் பிரேம்சந்த் 1932-இல் எழுதிய 'டாக்கூரின் கிணறு' அதற்கு முன்னோடி. இராமநாதபுரத்துச் சீமையில் பிறந்து புதுக்கோட்டையில் வாழ்ந்த கந்தர்வன், 'தண்ணீர்' என்னும் சிறுகதையில் இரயிலேறி நீர் கொணரும் கரிசல் நிலப் பெண்ணை நிலைக்கச் செய்தார். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகமும் 1980-இல் மேடையேறியது.

ஊருணி மறுக்கப்பட்டவர் ஆற்று மணலிலும் வற்றிய கண்மாயின் மடியிலும் ஊற்றுத் தோண்டினர். கொட்டாங்கச்சியால் சிறிது சிறிதாக மொண்டு குடம் நிரப்ப ஒரு முற்பகல் ஆகும். இங்கே வரலாற்றின் முரண் ஒன்று ஒளிந்துள்ளது. 1892-இல் செருமனியின் ஆம்பர்க் நகரில் வாந்திபேதியால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகர் பெரிதும் தப்பியது. இரு நகரமும் குடித்தது ஒரே எல்பே ஆற்றின் நீர்தான். ஆல்டோனா அதனை மணற்படுகையில் வடித்துக் குடித்தது. ஆம்பர்க் வடிக்காமல் குடித்தது. மணல் என்பது மிகச் சிறந்த வடிகட்டி. ஆகவே ஊருணியில் ஊரார் மொண்ட 'சுத்தமான' நீரைவிட, மணலூற்றில் சேரியார் சுரண்டி எடுத்த நீர் பல வேளைகளில் நோயற்றதாக இருந்திருக்கக் கூடும். தீட்டு என்ற சொல்லுக்கும் கிருமி என்ற சொல்லுக்கும் இடையே எந்த உறவும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் தமிழில் 'சுத்தம்' என்ற ஒரே சொல் இரண்டையும் சுமந்தது. குழப்பம் அங்கே தொடங்கிற்று.

இக்குழப்பத்தைச் சட்டத்தால் தீர்க்கும் முயற்சி 1920-களில் எழுந்தது. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லா மக்களுக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்து நிறைவேற்றினார். 1927 மார்ச்சு 20-ஆம் நாள் மராட்டியத்தின் மகாடு நகரில் அம்பேத்கர் தம் மக்களோடு சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். அதன்பின் அக்குளத்து நீரை எடுத்துச் சடங்கு செய்து 'தூய்மை' ஆக்கினர் என்பது அனைவரும் அறிந்ததே. வழக்கு பத்தாண்டு நடந்து 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அம்பேத்கர் தரப்புக்கு வெற்றியாய் முடிந்தது.

சென்னை மாகாண அரசு வேறொரு வழியையும் கையாண்டது. தொழிலாளர் ஆணையர் துறையின் வாயிலாக ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளில் தனிக் கிணறுகள் வெட்டித் தந்தது. நல்லெண்ணத்தில் பிறந்த செயல் இது. தாகத்தைத் தணித்த செயலுங்கூட. ஆயினும் அதன் விளைவு இருமுனைக் கத்தி. ஊருணியைத் திறக்கச் சொல்வது கடினம், தனிக்கிணறு வெட்டுவது எளிது என்ற முடிவுக்கு அரசு வந்தது. பிரிவு கலையவில்லை, கல்லும் சுண்ணாம்பும் கொண்டு உறுதிப்பட்டது. தனிக்கிணறு என்ற இந்த ஏற்பாடே பின்னர்த் தனிக் கைப்பம்பாகவும், தனிக்குழாயாகவும், தனித்தொட்டியாகவும் உருமாறி வந்தது.

புதுக்கோட்டை சுதேச சமஸ்தானம் ஆதலின் மாகாணச் சட்டங்கள் நேரடியாக இங்குச் செல்லவில்லை. 1948 மார்ச்சில் இராசகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்திய ஒன்றியத்துடன் இணைத்தார். அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஈராண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், தன் 15-ஆம் பிரிவில் கிணறுகளையும் குளங்களையும் நீராடு துறைகளையும் பெயர் சொல்லியே குறித்து, சாதியின் பேரால் எவரையும் அவற்றிலிருந்து விலக்கலாகாது என்றது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் கிணற்றைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது என்பதே அந்நாட்டு வரலாற்றைக் கூறிவிடும்.

அடுத்த கால் நூற்றாண்டில் பாறையைத் துளைக்கும் பொறி வந்தது. 1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தோன்றியது. 1974 சனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஆழ்துளைக் கிணறு தோண்டினால் மட்டும் போதாது. அதிலிருந்து நீரை ஏற்றும் பம்பு தாங்கவேண்டும். வீட்டுக்குப் பயன்படும் வார்ப்பிரும்புப் பம்புகள் ஊர் முழுவதும் அடித்த அடியில் சில திங்களிலேயே முறிந்தன. யூனிசெப் துணையோடு 1970-களின் பிற்பகுதியில் உருவான 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு அந்தக் குறையைத் தீர்த்தது. கோவைப் பகுதியில் சோதித்துப் பார்த்தபின் சென்னையில் உற்பத்தி தொடங்கிய அப்பம்பு பிறகு உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. 250 பேருக்கு ஒரு பம்பு, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 40 லிட்டர் என்பது அக்கால அளவுகோல். மூடிய குழாய்க்குள் வரும் நீரில் கால் நனைக்க இயலாது. பூச்சி புக இயலாது. நலவாழ்வு நோக்கில் ஊருணிக்குப் பின் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம் இதுவே எனலாம். ஆனால் ஊருணியைக் காத்த கைகள் அத்துடன் ஓய்ந்தன. குடிக்கப் பயன்படாத ஊருணியை எவர் காப்பார்? வரத்துக்கால்கள் மறைந்தன; சீமைக் கருவேலம் மண்டியது; காப்புக்காடுகளில் தைல மரம் நட வெட்டிய வரப்புகள் கண்மாய்க்கு வரவேண்டிய மழைநீரைத் தடுக்கின்றன என்று உழவர்கள் முறையிட்டனர். நிலத்தடி நீரை உறிஞ்சிய வேகத்தில் நிலத்தினுள் இறங்கும் நீர் குறைந்தது. கைப்பம்புகள் ஒவ்வொன்றாய்க் காற்றை இறைக்கத் தொடங்கின.

1991-இல் இம்மாவட்டத்தில் எழுந்த அறிவொளி இயக்கம் எழுத்தறிவுக்காக நினைக்கப்படுகிறது. அதனோடு பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த சீலா ராணி சுங்கத் இதனை ஊக்குவித்தார். செய்தியாளர் பி. சாய்நாத் இதனை எழுதி உலகறியச் செய்தார். விடுதலையின் அடையாளமாகவே அந்த மிதிவண்டி பேசப்பட்டது, அது சரியே. அதன் பின்னிருக்கையில் கட்டியிருந்தது என்ன என்பதையும் நோக்கவேண்டும். பெரும்பாலும் தண்ணீர்க் குடம். சுமை மாறவில்லை, சுமக்கும் வழி மாறிற்று. இருந்தும், நடந்து ஒரு குடம் கொணர்ந்த நேரத்தில் மிதித்து மூன்று குடம் கொணர்ந்தவளுக்கு அந்த வேறுபாடு சிறிதன்று.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் குடிநீர் வழங்கும் கடமையை ஊராட்சி மன்றத்தின்மேல் ஏற்றின. ஊர்தோறும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் எழுந்தன. ஆழ்துளைக் கிணற்று நீரும், பிறகு திருச்சிக்கருகே காவிரியிலிருந்து குழாய்வழி வந்த கூட்டுக் குடிநீரும் அவற்றில் ஏறின. 2019-இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம் வீட்டுக்கொரு குழாய், ஆளுக்கு 55 லிட்டர் என்று அளவுகோலை உயர்த்திற்று. இத்துணை பொறியியலுக்கும் இறுதியில் பொறுப்பானவர் தொட்டி இயக்குநர் என்னும் குறைந்த ஊதியப் பணியாளர். ஏணியில் ஏறித் தொட்டியைக் கழுவுவதும், பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவதும், தெருக்கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருக்கிறதா எனப் பார்ப்பதும் அவர் கடமை. பழைய ஊருணிக் காவலின் எஞ்சிய ஒரே வாரிசு அவர்தாம். ஊரே காத்த நீரை இப்போது ஒருவர் காக்கிறார்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில், அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த முத்துக்காடு ஊராட்சியில், இறையூரை அடுத்த வேங்கைவயலில் குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டனர். குடிநீரைப் பார்க்குமாறு மருத்துவர் சொன்னார். பட்டியல் சாதியினர் குடியிருப்புக்கு நீர் வழங்கும் பத்தாயிரம் லிட்டர்த் தொட்டி அது. திசம்பர் 26-ஆம் நாள் இளைஞர்கள் ஏறிப் பார்த்தபோது, அதனுள் மனித மலம் மிதந்தது.

மறுநாள் அப்போதைய மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் அங்குச் சென்றனர். தொட்டியைப் பார்க்கப் போனவர்கள் வேறு இரண்டையும் கண்டனர். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்தது. ஐயனார் கோயிலுக்குள் அம்மக்கள் சென்றதில்லை. அன்றே அம்மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார் ஆட்சியர். பல ஊர்களில் ஊருணிக் கரையில் காவலாய் வைக்கப்பட்டவர் ஐயனார் என்பதை ஈண்டு நினைவுகூரலாம். கெட்டது ஒரு தொட்டியின் நீர் மட்டும் அன்று, அந்நீரைச் சுற்றியிருந்த ஏற்பாடு முழுவதும் பழையதே என்பதை அந்த ஒரு நாள் வெளிக்கொணர்ந்தது. ஊர்நத்தம் ஒருபுறம், சேரி ஒருபுறம். அதற்கெனத் தனித்தொட்டி ஒருபுறம். தனிக்கிணற்றின் பேரப்பிள்ளை அந்தத் தொட்டி. நீரைப் பிரித்து வைத்தமையால், ஒரு பகுதி மக்களின் நீரை மட்டும் குறிவைத்துக் கெடுத்தலும் இயல்வதாயிற்று. ஒரே தொட்டியில் ஊர் முழுதும் குடித்திருந்தால், மலம் கலக்க நினைக்கும் கை எதுவாயினும் தன் வீட்டுக் குடத்தையும் எண்ணிப் பார்த்திருக்கும்.

இக்குற்றத்தைச் சட்டம் முன்னரே அறிந்திருந்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 277-ஆம் பிரிவு, பொது நீரூற்றையோ நீர்த்தேக்கத்தையோ கெடுப்பவர்க்கு மூன்று மாதம் வரை சிறை என்றது. 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீரைக் கெடுத்தலைத் தனிக் குற்றமாகவே பெயரிட்டு வைத்தது. நாட்டில் எங்கும் நடவாத ஒன்றுக்கு எவரும் சட்டப்பிரிவு எழுதுவதில்லை.

2023 சனவரியில் வழக்கு குற்றப்பிரிவுக் குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. பலரது மரபணு மாதிரிகள் எடுத்துச் சோதிக்கப்பட்டன. ஈராண்டு கடந்து, 2025 சனவரியில், அந்தக் குடியிருப்பையே சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அக்குடியிருப்பு மக்கள் அதனை ஏற்கவில்லை. மத்தியப் புலனாய்வு வேண்டுமெனக் கேட்டனர். உண்மையைத் தீர்த்துரைப்பது நீதிமன்றத்தின் பணி.

சம்பவத்துக்குப் பின் வேங்கைவயலுக்கு வண்டியில் நீர் வந்தது. புதிய குழாய் இணைப்புகளும் தரப்பட்டன. பழைய தொட்டியை வடித்துக் கழுவிக் குளோரின் இட்டுச் சோதிப்பது பொறியியலார்க்கு ஒரு நாள் வேலை. அத்தொட்டியின் நீரை மீண்டும் குடிக்க அம்மக்கள் இசையவில்லை.